எதிர்முனை நேரில் வரவும்

பல் செட் செய்பவர் ஒருவருக்கு மனசுக்குள் ஒரு விஷயம் இருந்தது. அதை ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்ல வேண்டும். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்கிறவர்கள் அவருடைய வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

மனைவி இறந்து பல வருடங்களாகிவிட்டன. வீட்டில் அவரோடு அக்கா, மகன், மருமகள். எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். அவர்களிடம் இருந்த ஒரே குறை, மூவருக்கும் காது நன்றாகக் கேட்கும். அவருக்கென்று ஒரு இமெயில் இருந்தது. மகன் ஏற்படுத்திக் கொடுத்தது. கரண்ட் பில் அதற்குத்தான் வரும். மருமகள் வாங்கிய ஷாம்பு கடையிலிருந்து கிளம்பிவிட்டதா என்ற தகவலும், அக்காவின் சர்க்கரை அளவும் அதற்குத்தான் வரும். பாஸ்வேர்டைத் துண்டுத்தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்கள். மெயில் வந்தால் நாலு போனிலும் சத்தம் வரும். யாருக்குக் கை காலியாக இருக்கிறதோ அவர் திறந்து, மற்றவர்களுக்கும் கேட்கட்டுமே என்று உரக்கப் படிப்பார்.

அவருடைய பட்டறை ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பிறர் வாய்க்காகவே உழைத்ததில் தன் வாயைப் பயன்படுத்தும் பழக்கம் அவருக்குக் குறைந்துபோயிருந்தது. கீழே ஒரு மருந்துக்கடை. அதை நடத்திய அம்மாளை எல்லோரும் மேடம் என்று கூப்பிடுவார்கள். அவரும் துணையை இழந்தவர். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் இருவரும் கடை வாசலில் நின்று டீ குடிப்பார்கள். மழை வரும்போலிருக்கிறது என்று இவர் சொல்வார். வராது என்று மேடம் சொல்வார். பெரும்பாலும் வராது. இப்படியே சில வருடங்கள் போயின. பிறகு கட்டிடச் சொந்தக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்னார். மேடத்துக்கு வேறொரு நகரத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கிடைத்தது. அவர் போன பிறகுதான் அந்த டீ கொஞ்சமும் நன்றாக இல்லை என்பது பல் செட்காரருக்குத் தெரிந்தது.

போன இடத்திலிருந்து ஒரு வருடத்துக்குப் பிறகு மேடம் ஒரு மெயில் போட்டார். "இங்கே தினமும் மழை. அங்கே எப்படி?" அவ்வளவுதான். அன்றைக்குக் கை காலியாக இருந்தவர் அக்கா. உடனே பதில் போட்டுவிட்டார். "தம்பி குளிச்சிட்டு இருக்கான். நீங்க யாரு? என்ன விஷயம்?"

மறுநாள் மேடம் பட்டறைக்குப் போன் செய்தார்.

"உங்க பதில் கிடைச்சுது" என்றார். "குளிச்சு முடிச்சிட்டீங்களா?"

பல் செட்காரர் கையிலிருந்த கீழ்த்தாடை அச்சை மேஜைமேல் வைத்தார்.

"இங்க என்னை நிரந்தரமா எடுத்துக்கிறேன்றாங்க. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். போட்டுட்டா அப்புறம் இந்த ஊருதான். உங்களுக்கு எங்கிட்ட ஏதாவது சொல்றதுக்கு இருந்தா அதுக்கு முன்னாடி எழுதுங்க. ஆனா அந்த அட்ரஸ்லேர்ந்து வேணாம். என் பதிலை உங்க வீட்ல நாலு பேர் சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறது எனக்குச் சரிப்படாது."

சொல்வதற்கு இருந்தது. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்பதுதான் அது. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "மழை விட்டுடுச்சா?" என்றுதான் வந்தது. எழுத்தில் என்றால் தைரியமாகச் சொல்லிவிடுவோம், நமக்கு வேண்டியது யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மெயில்தான் என்று அவர் முடிவு செய்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஏனென்றால் அந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்கு மறையாக்கம் செய்த மெயில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாராலும் படிக்க முடியாதபடி பூட்டிய மெயில் வேண்டும் என்றால், தனிமடல் அந்தரங்கப் பாதுகாப்பு வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கம்பெனியும் தராது. மக்கள் ஏமாந்துவிடக் கூடாதே என்று அரசாங்கம் அக்கறையோடு செய்த ஏற்பாடு. "உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு" என்று வாரியத்தின் விளம்பரம் பஸ்களின் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது.

பல் செட்காரர் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனார். வாரியத்தின் கூடம் பெரியது. பெஞ்சுகள் நிறைய ஆட்கள். எல்லோரும் அடுத்தவர் தம்மைப் பார்த்துவிடக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்த அம்மாளுக்கும் மனுதாரருக்கும் நடுவில் தடிமனான கண்ணாடி. உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்று பிரத்யேகமாகப் போட்டது. அப்படிப் போட்டதில் உள்ளே பேசுவது மனுதாரருக்கும் கேட்கவில்லை, மனுதாரர் பேசுவது உள்ளேயும் கேட்கவில்லை. அதனால் இரண்டு பக்கமும் மைக் வைத்து, கூடத்தின் நாலு மூலைகளிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

"என்ன வேணும்?" என்றன நாலு மூலைகளும்.

பல் செட்காரர் மைக்கின் அருகில் குனிந்து, "சொந்த உபயோகத்துக்கு... ஒரு பாதுகாப்பான மெயில்" என்று மெல்லச் சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க. ரகசியமா பேசினா எங்களுக்கு எப்படிப் புரியும்?"

சத்தமாகச் சொன்னார். கூடம் முழுவதும் தலை நிமிர்ந்தது.

"யார்கிட்டேர்ந்து பாதுகாப்பு? அரசாங்கம், வெளிநாட்டு உளவு, திருட்டுக் கும்பல், விளம்பரக் கம்பெனி. இதுல எது?"

"அக்கா."

"என்ன?"

"எங்க அக்காங்க."

அம்மாள் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "அக்கான்னு ஒண்ணு இல்லையே சார். வெளிநாட்டு உளவுல போட்டுடட்டுமா?"

பல் செட்காரர் யோசித்தார். வெளிநாடு என்பது மட்டும்தான் பொருந்தவில்லை. "போடுங்க" என்றார்.

"பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னா நீங்கதான்னு கண்டுபிடிக்க ஒரு ரகசியக் கேள்வி. இப்ப உங்க மனசுல இருக்கறது யாரு?"

"வேற கேள்வி ஏதாவது இருக்குங்களா?"

"இருக்கு. உங்க உடம்புல யாருக்கும் தெரியாத மச்சம் எங்க இருக்கு?"

அவர் வேறு வழியில்லாமல் சொன்னார். சத்தமாகச் சொல்லச் சொன்னதால் மறுபடியும் சொன்னார். பின் பெஞ்சிலிருந்து ஒருவர், "எனக்கும் அங்கதான்" என்றார் ஆறுதலாக.

கவுன்ட்டரில் முத்திரை குத்தி அவரை உள்ளே மறையாக்க ஆலோசகரிடம் அனுப்பினார்கள். எந்தக் கம்பெனி தோதாக இருக்கும் என்று சொல்வது அவருடைய வேலை. ஆலோசகர் தன் கம்ப்யூட்டரின் கேமராவைப் பிளாஸ்திரி போட்டு மூடியிருந்தார். அறைக் கதவைக் காற்றுக்காக விரியத் திறந்து வைத்திருந்தார்.

"மூணு கம்பெனி இருக்கு" என்றார். "மூணுமே பாதுகாப்பு. எதையும் நம்ப முடியாது. அதை மனசுல வச்சுக்கிட்டுத் தேர்ந்தெடுக்கணும்."

"சரிங்க."

"முதல் கம்பெனிக்காரன் மலையைக் குடைஞ்சு உள்ள கம்ப்யூட்டர் வச்சிருக்கான். அணுகுண்டு போட்டாலும் உங்க மெயிலுக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு?"

"நீங்க எங்க இருப்பீங்க?"

"வீட்லதான்."

"அப்ப மெயில் மட்டும் இருக்கும்." ஆலோசகர் அதை வருத்தப்பட வேண்டிய விஷயமாகச் சொல்லவில்லை. "ரெண்டாவது கம்பெனி, பூஜ்ய அறிவுக் கொள்கை. உங்களைப் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டான். மெயில் போச்சா வந்துச்சான்னு நீங்க போன் பண்ணிக் கேட்டாலும் தெரியாதும்பான். ரொம்ப உயர்ந்த கொள்கை. எங்க வாரியத்துலயும் அதைத்தான் கடைப்பிடிக்கிறோம். இங்க நீங்க யாரை வேணா என்ன வேணா கேட்டுப் பாருங்க, தெரியாது."

பல் செட்காரர் கூடத்தில் காத்திருந்த நேரத்தில் அதை நேரிலேயே கண்டிருந்ததால் ஒப்புக்கொண்டார்.

"மூணாவது, திறந்த மூல நிரல். அவன் எழுதின புரோகிராமை ஊர்ல யார் வேணா பிரிச்சுப் பாக்கலாம். ஓட்டை இருந்தா தெரிஞ்சுடும்."

"பாத்தாங்களா?"

"யாரு?"

"யாராவது."

"வாரியம் பாத்திருக்கும்னு ஊர் நம்புது. ஊர் பாத்திருக்கும்னு வாரியம் நம்புது. பரஸ்பர நம்பிக்கை சார். அதுதான் பாதுகாப்போட அஸ்திவாரம்."

"நீங்க எது வச்சிருக்கீங்க?"

ஆலோசகர் பிளாஸ்திரியைப் பார்த்தார். "எனக்கு வர்றதெல்லாம் விளம்பரம்தான். அதுக்கு எதுக்குப் பூட்டு?" என்றார். பல் செட்காரருக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது.

ஒன்றும் தெரியாத கம்பெனிதான் நமக்குத் தோது என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஆலோசகர் பாராட்டினார். படித்தவர்கள்கூட மலையைத்தான் கேட்கிறார்கள் என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இது முனைக்கு முனை மறையாக்கம். இந்த முனையில நீங்க பூட்டுவீங்க, அந்த முனையில அவங்க திறப்பாங்க. இந்த முனை நீங்கன்னு பாத்தாச்சு. அந்த முனை யாரு?"

"அதைச் சொல்லணுங்களா?"

"சொல்லாம முனையை எப்படிச் சரிபார்க்கறது? இது எனக்கும் மேலதிகாரிக்கும் மட்டும்தான்."

"அவருக்கு எப்படி அனுப்புவீங்க?"

"சாதா மெயில்தான். எங்க ஆபீசுக்கு மறையாக்கம் இன்னும் வரல. டெண்டர் விட்டிருக்கு."

பல் செட்காரர் தாளில் மேடத்தின் விலாசத்தை எழுதி, கையால் மறைத்தபடி நீட்டினார். ஆலோசகர் அதை வாங்கி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று உரக்கப் படித்துக் காட்டினார்.

"விசாரணையன்னைக்கு இவங்களும் நேர்ல வரணும்."

"இவங்க வேற ஊருங்க. அவ்வளவு தூரம் இவங்க இங்க வர முடியும்னா எனக்கு மெயிலே வேணாமே."

"நியாயமான கேள்வி. போன வாரம்கூட ஒருத்தர் இதையே கேட்டார்" என்றார் ஆலோசகர். அந்த ஒருத்தருக்கு என்ன பதில் சொன்னார் என்று சொல்லவில்லை. சாதா தபாலில் சம்மன் போயிற்று.

இதற்குள் மாதம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. பட்டறையில் பல் செட்காரர் ஒரு பெரியவருக்கு வலது பக்கக் கடைவாய்ப் பல்லை இடது பக்கம் வைத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். மேடம் கையெழுத்துப் போட்டிருப்பாரோ என்ற பயம் அவரை அரித்தது. போன் செய்து கேட்கலாம். மழையைப் பற்றித்தான் பேசுவோம் என்று தெரிந்ததால் செய்யவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது வாசலில் அக்கம்பக்கத்தார் கூடி நின்று கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவில் வாரியத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. எழுத்து பெரிதாக, தெருமுனையிலிருந்தும் படிக்கும்படி இருந்தது.

"இந்த வீட்டில் வசிக்கும் ஒருவர் ரகசியம் வைத்துக்கொள்ள அனுமதி கோரி விண்ணப்பித்துள்ளார். அந்தரங்கம் கருதி அவர் இன்னார் என்பது வெளியிடப்படவில்லை. ஆட்சேபணை உள்ளவர்கள் விசாரணை நாளில் தெரிவிக்கலாம். இந்த வீட்டார் அனைவரும் தவறாமல் ஆஜராக வேண்டும்."

உள்ளே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. பல் செட்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்தில் ஒருவராகப் போய் உட்கார்ந்தார்.

"நீதானே?" என்றார் அக்கா மருமகளைப் பார்த்து.

"ஏன் அத்தை, இந்த வீட்ல எதுன்னாலும் நானாத்தான் இருக்கணுமா?"

"பின்ன யாரு? போனைத் தலைகீழா வைக்கிறது நீ மட்டும்தான்."

மருமகளின் கண்கள் நிறைந்துவிட்டன. "ஆமா, தனியா ஒரு வீடு பாத்தேன். ரெண்டே ரூம். சும்மாதான் பாத்தேன். படத்தைத்தான் பாத்தேன். அதுக்காக வாரியத்துக்கெல்லாம் நான் போகல."

"வீடு பாத்தியா? எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றான் மகன்.

"நீங்க மட்டும் எல்லாத்தையும் சொல்றீங்களா? ராத்திரியில தூக்கத்துல 'சார், சார்'னு கெஞ்சறீங்க. யாரு அந்த சார்?"

மகன் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தான். "எனக்குப் புரமோஷன் வரல. பக்கத்து சீட்டுக்காரனுக்குப் போயிடுச்சு. ஆபீஸ்ல கொடுத்தாங்கன்னு ஒரு கேக் கொண்டுவந்தேன்ல, அது நானே வாங்கினது. ஆனா சத்தியமா நான் வாரியத்துக்குப் போகல."

"அந்தக் கேக் பாதியா குறைஞ்சுதே, எலின்னு நினைச்சோமே" என்றாள் மருமகள்.

அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "என் பழைய சூட்கேஸ்ல க்ரீம் பிஸ்கட்டும் இருக்கு" என்றார். "ஆனா நானும் போகல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகம் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, பல் செட்காரர் இருந்த பக்கம் மட்டும் வரவில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"நானாக்கூட இருக்கலாமே."

அந்தச் சோகத்திலும் மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு என்னடா ரகசியம்?" என்றார் அக்கா வாஞ்சையோடு. "மாமாவுக்கு எதுக்கு அதெல்லாம்? அவர் மனசுல இருக்கறது முகத்துலயே தெரிஞ்சிடுமே" என்றாள் மருமகள். மகன் அப்பாவின் தட்டில் சோறு போட்டான்.

பல் செட்காரருக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. மாட்டிக்கொள்ளவில்லையே என்று நிம்மதிப்பட வேண்டிய மனிதர், அவமானப்பட்டார். தன்னிடமும் ஒளித்து வைக்கிறாற்போல ஒன்று இருக்க முடியும் என்று இந்த வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை. பசி இல்லை என்று எழுந்துவிட்டார்.

விசாரணை மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தது. வாரியத்தின் பெரிய அரங்கம். ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்பதால் நேரடி ஒளிபரப்புக்குக் கேமரா வைத்திருந்தார்கள். குடும்பம் முதல் வரிசையில் உட்கார்ந்தது. மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் "முனை" என்றும் இன்னொன்றில் "எதிர்முனை" என்றும் எழுதியிருந்தது. வாரியத் தலைவர் மாலைபோல் ஒலிவாங்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேச எழுந்தார்.

"அந்தரங்கம் மனிதனோட பிறப்புரிமை. அதை வழங்கறதுக்குத்தான் நாங்க இருக்கோம். மத்த நாட்டுல தினம் ஒரு ரகசியம் வெளிய கசியுது. நம்ம வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு ரகசியமாவது கசிஞ்சிருக்கா? நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், இல்ல. ஏன்னா, இன்னிவரைக்கும் ஒரு ரகசியத்துக்குக்கூட நாங்க அனுமதி கொடுக்கல. அவ்வளவு கவனமா இருக்கோம்." கைதட்டல் அடங்கும்வரை நின்றார். "ஜனங்க எங்கமேல வச்சிருக்கற நம்பிக்கையைப் பாருங்க. வீட்டுக்காரிகிட்ட சொல்லாததை எங்க கவுன்ட்டர்ல வந்து சொல்றாங்க. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதையெல்லாம் என் வீட்டுக்காரிகிட்ட சொல்றப்போ அவ அழுதுடறா."

பிறகு மனுதாரரைக் கூப்பிட்டார்கள். முதல் வரிசையில் மூவரும் யார் எழுந்திருப்பார் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பல் செட்காரர் எழுந்து, அவர்களுடைய முழங்கால்களைத் தாண்டிப் போய், "முனை" என்று எழுதிய நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேடையைப் பார்த்தார்.

எதிர்முனையைக் கூப்பிட்டார்கள். பின் கதவு வழியாக மேடம் உள்ளே வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தோளில் பை, கையில் சம்மன். பல் செட்காரர் எழுந்து நின்றார். எழுந்து நின்றதற்குக் காரணம் கேட்டார்கள். தெரியவில்லை என்றார். வாரியத்தின் கொள்கைக்கு அது ஒத்துப்போனதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

"நீங்க எதிர்முனையா?" என்றார் தலைவர்.

"மருந்தாளர்."

"இங்க எதிர்முனை."

"என்னவோ வச்சுக்குங்க. நான் சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்கணும். நாளைக்கு அங்க ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கு."

பல் செட்காரருக்குப் பாதி உயிர் வந்தது. இன்னும் போடவில்லை.

"அந்த அம்மாதானா மழை பெய்யுதான்னு கேட்டது?" என்று முதல் வரிசையில் அக்கா மகனிடம் கேட்பது மேடைவரை கேட்டது.

தலைவர் மனுதாரர் பக்கம் திரும்பினார். "உங்க கம்பெனி தேர்வு சரியா இருக்கு. பூட்டோட கனத்தை மட்டும் முடிவு பண்ணணும். கனமான ரகசியத்துக்கு லேசான பூட்டு போட்டா ஆபத்து. லேசான ரகசியத்துக்குக் கனமான பூட்டு போட்டா அரசாங்கத்துக்கு நஷ்டம். அதனால நீங்க இவங்களுக்கு முதல் மெயில்ல என்ன எழுதப் போறீங்களோ, அதை இந்த மைக்ல அப்படியே சொல்லிடுங்க. தயங்க வேணாம். நாங்க எல்லாரும் ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்தவங்க."

பல் செட்காரர் அரங்கத்தைப் பார்த்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் வரிசையில் அவருடைய மொத்தக் குடும்பமும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் மேடம் அவரைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் வாரை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

"சரியா கேக்கல. மைக்ல சொல்லுங்க."

மைக்கின் அருகில் போனார். "சொல்ல மாட்டேன்."

தலைவர் அன்பாகச் சொல்லிப் பார்த்தார். ஆலோசகர் வந்து, தலைப்பை மட்டுமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். கவுன்ட்டர் அம்மாளை அழைத்து வந்தார்கள். மச்சத்தையே சொன்னவர் இதைச் சொல்லக் கூடாதா என்று அவர் வருத்தப்பட்டார். கடைசியில் அக்கா முதல் வரிசையிலிருந்து, "சொல்லிடேன்டா, நாங்க என்ன வெளியாளா?" என்றார். குரல் உடைந்திருந்தது. அந்தக் குரலுக்குப் பல் செட்காரர் வாழ்க்கையில் ஒரு முறைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. இப்போதும் அக்காவைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை. அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

வாரியம் உள்ளே போய்க் கலந்து பேசி, டீ குடித்துவிட்டு வந்தது. தலைவர் தீர்ப்பை வாசித்தார்.

"மனுதாரர் வாரியம் கேட்டும் சொல்லவில்லை. ஆலோசகர் கேட்டும் சொல்லவில்லை. உடன்பிறந்தவர் கண்ணீர்விட்டுக் கேட்டும் சொல்லவில்லை. மூன்று கம்பெனிகளையும் வாரியம் பலமுறை சோதித்திருக்கிறது. இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்த கம்பெனி ஒன்றுகூட இல்லை. எந்த உதவியும் இல்லாமலே ரகசியம் காக்கக்கூடிய ஒருவருக்கு அரசாங்கச் செலவில் மறையாக்கம் வழங்குவது வீண். சொல்லியிருந்தால், சொன்ன பிறகு அது ரகசியம் இல்லை என்பதால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகியிருக்கும். சொல்லாததால், தேவை இல்லை என்று தள்ளுபடி செய்யப்படுகிறது. மனுதாரரை வாரியம் பாராட்டுகிறது."

எல்லோரும் கைதட்டினார்கள். பல் செட்காரருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

வாரியத்தின் வாசல் படிகள் அகலமானவை. மேடம் விறுவிறுவென்று இறங்கினார். பல் செட்காரர் சால்வையோடு பின்னாலேயே இறங்கினார். கொஞ்சம் மேலே குடும்பம் வந்து நின்றது. மூவரும் போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். அக்கா பிடித்திருந்த போன் அணைந்திருந்தது.

"இதுக்கா என்னை வரச் சொன்னீங்க?" என்றார் மேடம் திரும்பி.

"நான் சொல்லலீங்க. வாரியம்தான்..."

"தெரியும். நீங்க கூப்பிட்டிருந்தா போன வருஷமே வந்திருப்பேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மெயிலும் கிடையாதுன்னுட்டாங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. எழுத நினைச்சதைச் சொல்றதா இருந்தா சொல்லுங்க."

பல் செட்காரருக்கு மேல்படியில் இருந்த மூன்று ஜோடிக் காதுகளும் ஞாபகம் இருந்தன. வானத்தைப் பார்த்தார். மழை என்று நாக்கின் நுனிவரை வந்தது. இவர் போய்விட்டால் இனி யாரிடம் மழையைப் பற்றிப் பேசுவோம் என்று நினைத்ததும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது.

"அந்தக் கையெழுத்தைப் போடாதீங்க" என்றார், படியில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற சாதாரணக் குரலில். "இங்க வந்துடுங்க. என்னைக் கட்டிக்குங்க. நீங்க இல்லாம எனக்கு எதுவும் நல்லா இல்ல."

மருமகள் மகனின் கையைப் பிடித்தாள். அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேடம் தோளிலிருந்த பையைப் படியில் இறக்கி வைத்தார். "நீங்க ஊருக்கே கேக்கறாப்ல சொல்லிட்டீங்க. அது உங்க இஷ்டம்" என்றார். "என் பதில் உங்களுக்கு மட்டும்தான்." ஒரு படி மேலே ஏறி, அவர் காதருகில் எக்கிச் சொன்னார். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. என்ன சொன்னார் என்று வாரியத்துக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்கக் கேட்டார். "என்னடா சொன்னாங்க? கூடப் பொறந்தவகிட்ட சொல்லக் கூடாதா? வருவாங்களா, மாட்டாங்களா, அதை மட்டும் சொல்லு."

"அது எனக்கு வந்த பதில்க்கா" என்றார் பல் செட்காரர். கோபமாகச் சொல்லவில்லை. அக்காவின் கையைத் தட்டிக் கொடுத்தபடிதான் சொன்னார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பல் செட்காரர் நேராகத் தன் அறைக்குப் போனார். பல வருடங்களாக இஷ்டத்துக்குத் துணி அடைந்து கிடந்த அலமாரியைத் திறந்தார். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, எல்லாவற்றையும் ஒரு பக்கமாக நெருக்கி மாட்டினார். கம்பியில் பாதி காலியாயிற்று. தன் ஷூக்களையும் பழைய பெல்ட்களையும் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டார். அந்தத் தட்டை ஈரத்துணியால் துடைத்தார்.

அக்கா நிலைப்படியில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியின் காலியான பாதியைப் பார்த்தார். துடைத்த தட்டைப் பார்த்தார். தம்பி திரும்பவில்லை. அக்கா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

"மேல்தட்டையும் காலி பண்ணுடா" என்றார் கடைசியில். "ஒரு பொம்பளைக்கு இவ்வளவு இடம் பத்தாது."